நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு

"டேப்பை ஒரு நிமிஷம் குடுங்க!" என்று கேட்ட அதே வினாடியில் பிடுங்கியும் விட்டாள்.

தச்சர் பதறிப்போய்க் கையை உதறினார். உடைந்த பெஞ்சுக்குக் கால் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். காதில் செருகியிருந்த பென்சில் கீழே விழுந்து உருண்டது.

"அம்மா தாயே! அது சுருட்டிக்கிட்டு வர்றப்போ விரலைச் சீவிடும். கேட்டா நானே நீட்டிப் பிடிக்க மாட்டேனா?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வராந்தாவில் நான்கு தூண்களைத் தாண்டி, மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். பிள்ளைகள் மைதானத்தில் காலை வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்கள் திரும்பி வர எட்டு நிமிடம் இருந்தது.

கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் அந்த உயரப்பட்டை ஒட்டியிருந்தது. தரையில் தொடங்கி நூற்றைம்பது வரை. மஞ்சளும் பச்சையும் மாறி மாறி வரும் கட்டங்கள், பக்கத்தில் அவள் கையாலேயே எழுதிய முத்து முத்தான எண்கள். இந்தப் பள்ளியில் அதைப் பார்த்து வாயைப் பிளக்காதவர்கள் கிடையாது.

டேப்பின் கொக்கியைத் தரையில் ஊன்றி மேலே இழுத்தாள். மரஸ்கேலைப் பற்றி ஆயிரம் சொல்லலாம். முனை தேய்ந்திருக்கும், வெயிலில் வளைந்திருக்கும், எவனாவது கடித்திருப்பான். எஃகு அப்படியில்லை. எஃகு சொன்னால் சொன்னதுதான்.

அவளுடைய பட்டையில் நூறு என்று எழுதியிருந்த கோட்டுக்கு நேராக, எஃகு டேப் தொண்ணூற்று நான்கு என்றது.

கொக்கி நழுவியிருக்குமோ என்று மறுபடி ஊன்றினாள். தொண்ணூற்று நான்கு. உச்சிக்கு இழுத்தாள். பட்டை நூற்றைம்பது என்றது; டேப் நூற்று நாற்பத்தொன்று என்றது.

டேப் சரேலென்று சுருண்டு கைக்குள் வந்தது.

அவள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு மாணவி; இந்த வகுப்பில் பாடம் எடுத்துக் காட்டும் தேர்வு அவளுக்கு இன்று. வயது முப்பத்திரண்டு. அதற்கு முன்னால் எட்டு வருடம் துணிக்கடையில் மீட்டர் கம்பியோடு நின்றவள். ஒரு விரற்கடை கூடவோ குறையவோ அவள் கத்தரி விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்ட கை, அளக்கிற பட்டையையே அளந்து பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்தது!

நடந்தது இவ்வளவுதான். இருபத்தைந்து சென்டிமீட்டர் கட்டங்களை ஒரு தாளில் மிகத் துல்லியமாக வரைந்தாள். ஆறு தாள் சேர்ந்தால் நூற்றைம்பது. ஆறையும் வரைய யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஆறு பிரதி எடுத்தாள். விளிம்பு வெட்டுப்படாமல் இருக்க, மிஷின் படத்தை நூற்றுக்கு ஆறு பங்கு சுருக்கிக் கொடுத்தது. கண்ணுக்குத் தெரிகிற சுருக்கமா அது? வண்ணம் அடித்தாள், ஒட்டினாள், எண்களை எழுதினாள். எழுதிய எண் எல்லாம் சரி. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் இருந்த தூரம்தான் பொய்.

கதவு திறந்தது. கூடப் படிக்கிறவள் வந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் விடுதி முழுக்க அவளுக்கு 'வக்கீல்' என்றுதான் பெயர்.

"பாடம் எடுக்கப் போறவ டேப்பும் கையுமா நிக்கிற? தேர்வாளர் ஆட்டோவுல வந்து இறங்கியாச்சு. மூஞ்சியைப் பாத்தா சிரிச்சே பல வருஷம் ஆன மாதிரி இருக்கு."

"பட்டை தப்புடி."

"எது?"

"இதுதான். நூறுன்னா தொண்ணூத்தி நாலுதான் இருக்கு."

வக்கீல் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, போகட்டும். வெறும் அட்டை வேலைதானே. யார் அளக்கப் போறா?"

"அளந்தாச்சு. செவ்வாய்க்கிழமை சிஸ்டர் வந்து வகுப்பு மொத்தத்தையும் இதுலதான் நிக்க வெச்சு அளந்தாங்க."

பள்ளிக்கென்று ஒரு மர உயரக்கம்பு இருந்தது. அதன் அடிக்கட்டை கழன்று ஒரு மாதம் ஆகிறது. அதனால், மருத்துவமனையிலிருந்து வந்த நர்ஸ் இந்தப் பட்டையைக் கண்டதும், "அடடா, எவ்வளவு அழகா இருக்கு!" என்று பிள்ளைகளை இதில் நிறுத்திவிட்டார். மூன்றாம் வகுப்பில் நூற்றுப் பத்து சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கும் பிள்ளைகளின் பெயர் பட்டியலில் ஏறும். பெரிய மருத்துவமனையில் வருடத்துக்கு ஒரே ஒரு நாள் வளர்ச்சிக்கான மருத்துவர் உட்காருவார். இந்த வருடம் அது வரும் வியாழக்கிழமை. பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளைக்கு அடுத்த வருடம்தான்.

இன்று காலை ஆசிரியர் அறையில் பெரிய டீச்சர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "போன வருஷம் இதே பிள்ளைங்கள்ல நாலு பேர். இந்த வருஷம் மூணாம் வகுப்புல ஒரு பேர்கூட இல்ல! பதினோரு மணிக்கு சிஸ்டர் வந்து பட்டியலை எடுத்துக்கிட்டுப் போறாங்க." அந்த வாக்கியம் காதில் விழுந்ததும்தான் இவள் தச்சரைத் தேடி ஓடினாள்.

"அப்போ எறும்பு?" என்றாள் வக்கீல் மெதுவாக.

முதல் பெஞ்சில் உட்காரும் சிறுமி அவள். வகுப்பிலேயே பொடிசு. அந்தப் பட்டப்பெயரை அவளே சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டிருந்தாள். போன வருடம் பட்டியலில் இருந்தவள். மருத்துவர் ஆறு மாதம் மருந்து கொடுத்து, அடுத்த முறை கட்டாயம் கூட்டி வரச் சொல்லியிருந்தார்.

"நூத்திப் பன்னிரண்டுன்னு எழுதியிருக்காங்க. நிஜத்துல நூத்தி அஞ்சு."

"எல்லார் உயரத்துலயும் ஆறைக் கழிச்சிட்டா தீந்துச்சு. இதுக்குப் போய்..."

"ஆறு இல்லடி, நூத்துக்கு ஆறு! எறும்புக்குக் கிட்டத்தட்ட ஏழு போகும். கடைசி பெஞ்சு நெட்டைக்கு எட்டு போகும். ஆள் உயர உயரத் தப்பும் உயரும்."

"இந்தக் கணக்கை என்கிட்ட எடுக்காத, தேர்வாளர்கிட்ட எடு." வக்கீல் கதவை ஒருக்களித்து வராந்தாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இதோ பார். போன வருஷம் பாதியில வாய் குழறி நின்னே. இந்தத் தடவையும் போச்சுன்னா மூணாவது வாய்ப்பு கிடையாது. திரும்பத் துணிக்கடைதான். பத்து மணிக்குப் பாடம், பத்து நாப்பதுக்கு முடியும், சிஸ்டர் பதினொண்ணுக்கு வருவாங்க. நடுவுல முழுசா இருபது நிமிஷம். மார்க்கு விழுந்ததும் நேரா ஆபீசுக்குப் போய்ச் சொல்லு. பிள்ளைக்கும் நஷ்டமில்ல, உனக்கும் நஷ்டமில்ல."

"பட்டையைக் கிழிச்சிடட்டுமா?"

"பைத்தியமா உனக்கு? பதிவேட்டுல போட்டோ ஒட்டியிருக்க. 'நானே செய்த கற்றல் கருவி'ன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்க. எங்கேன்னு கேப்பாரு. சுவர்ல தேமேன்னு இருக்கட்டும். நீ அது பக்கமே போகாத."

இருபது நிமிடம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. டேப்பை வக்கீலிடம் கொடுத்தாள். உள்ளங்கை வியர்வையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் பெஞ்சு, அவர் முழங்கால் இரண்டும் காதுவரை ஏறி நின்றன. அதைப் பார்த்து நெட்டை களுக்கென்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. மதிப்பெண் தாளை விரித்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

பாடம் நீளம் அளத்தல். தொடக்கம் பிரமாதமாக அமைந்தது. மேசை எத்தனை சாண் என்று ஆளாளுக்கு அளந்தார்கள். நெட்டைக்கு எட்டு, எறும்புக்குப் பதினொன்று. "ஒரே மேசை எப்படிடா ரெண்டு அளவு?" என்று கேட்டாள். "எறும்பு கை சின்ன கை டீச்சர்!" என்று வகுப்பு கத்தியது. அப்போ எல்லாருக்கும் பொதுவாக ஒரு அளவு வேண்டுமில்லையா என்று சென்டிமீட்டருக்கு வந்து சேர்ந்தாள். குரல் நடுங்கவில்லை. தேர்வாளரின் பேனா இரண்டு முறை அசைந்தது.

பத்து இருபது.

வாசலில் ஹார்ன் சத்தம்.

ஜன்னல் வழியே பார்த்தாள். வெள்ளை வேன். நாற்பது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது! நர்ஸ் இறங்கி, குடையை மடக்கி, விறுவிறுவென்று அலுவலகத்துக்குள் போவது தெரிந்தது. பட்டியல் உறைக்குள் போட்டுத் தயாராக இருந்தது. ஒரு கையெழுத்து, ஒரு வாய் தண்ணீர், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "சுவர்ல இவ்வளவு நல்ல கருவி இருக்கு. அதை வெச்சு ஒரு செயல்பாடு பண்ணுங்க."

எதைத் தொடக் கூடாது என்று நினைத்தாளோ அதையே தொடச் சொல்கிறார். மறுக்க வழியில்லை. வாய் தானாகவே பேசியது.

"யாராவது ஒருத்தர் வாங்க. இந்தப் பட்டையில தரையிலிருந்து இருபத்தஞ்சாவது கோடு வரைக்கும் ஸ்கேல் வெச்சு அளந்து சொல்லுங்க."

வந்தது எறும்பு. மரஸ்கேலைச் சுவரோடு நேராக நிறுத்தி, சுழியைத் தரையில் சரியாகப் பொருத்தி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். நோட்டில் எழுதினாள்.

"இருபத்தி மூணரை டீச்சர்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "அங்கதான் இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்கே! எறும்புக்குப் படிக்கவே தெரியல!"

தேர்வாளரின் பேனா நின்றது. வெளியே வேனின் டிரைவர் தச்சரிடம் தீப்பெட்டி கேட்டுக்கொண்டிருந்தான்.

"சுழியிலிருந்து வெச்சியாம்மா?" என்று கேட்டாள் அவள். தன் குரலே யாருடையதோ போல ஒலித்தது. "நீ ஒண்ணுல இருந்து வெச்சிருப்ப. மறுபடி பாரு."

"ஒண்ணுல இருந்து வெச்சா ஒண்ணு கூடத்தானே செய்யும்?" என்றார் தேர்வாளர் தணிந்த குரலில். "குறையாதே?"

அவள் காது இரண்டும் சுட்டன. எறும்பு மறுபடி ஸ்கேலை நிறுத்தினாள். முன்னைவிட நிதானமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு அளந்தாள். அளந்துவிட்டு டீச்சர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு நோட்டைத் தொடைமேல் வைத்து, இருபத்து மூன்றரையை ரப்பரால் அழுத்தி அழித்துவிட்டு, இருபத்தைந்து என்று எழுதினாள்.

"இப்போ சரியா டீச்சர்?"

நோட்டை நீட்டினாள். அழித்த இடத்தில் தாள் நைந்து போயிருந்தது. டிக் அடிக்க வேண்டும். சிவப்புப் பேனா அவள் கையில்தான் இருந்தது. ஒரு கோடு போட்டால் பாடம் நடக்கும், மார்க் விழும், எல்லாரும் கை தட்டுவார்கள். சரியாக அளந்த ஒரே பிள்ளை, தான் அளந்தது தப்பு என்று ஆயுசுக்கும் நம்பிக்கொண்டிருக்கும்.

வெளியே வேன் கதவு இழுபடும் சத்தம் கேட்டது.

"நீ முதல்ல எழுதினதுதான் சரி," என்றாள். "ரெண்டு தடவையும் சரியாத்தான் அளந்த. டீச்சர் செஞ்ச பட்டைதான் தப்பு."

அவள் கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

"சார், இந்தப் பட்டையில அளந்து ஒரு பட்டியல் போகுது. நான் நிறுத்தணும். போறேன்."

"பாடம் நடக்கிறப்போ வகுப்பை விட்டு வெளியே போனா, விதிப்படி அது முடிக்காத பாடம். தெரியுமா?"

"தெரியும் சார்."

"இது ரெண்டாவது தடவைதானே?"

"ஆமா சார். இதுக்கு மேல கிடையாது."

சொல்லி முடித்தபோது வராந்தாவில் இருந்தாள்.

வேன் கிளம்பிவிட்டது. "நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். டிரைவர் காதில் விழவில்லை. விழுந்தது தச்சர் காதில். மனிதர் யோசிக்கவே இல்லை. கால் போட்டு முடித்த பெஞ்சை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வாசலுக்குக் குறுக்கே போட்டு, அதன்மேல் உட்கார்ந்தும் விட்டார்.

பிரேக் கிறீச்சிட்டது. "யோவ், சாகப் போறியா?"

"புதுக் கால் தாங்குதான்னு பாக்கிறேன் தம்பி. நல்லாத் தாங்குது."

நர்ஸ் கீழே இறங்கினார். நெற்றி சுருங்கியிருந்தது. "என்னம்மா, தலைபோற அவசரமா? எனக்கு இன்னும் ரெண்டு பள்ளிக்கூடம் பாக்கி இருக்கு."

மூச்சு வாங்க, சொன்னாள். பட்டை, ஜெராக்ஸ், நூற்றுக்கு ஆறு. நர்ஸின் முகம் பாதியிலேயே மாறிவிட்டது. உறையைக் கிழித்துப் பட்டியலை வெளியே எடுத்தவர், "டேப் எங்கே?" என்று மட்டும்தான் கேட்டார்.

வராந்தாத் தூண் ஒன்றில் எஃகு டேப்பை நிமிர்த்திப் பிடித்தாள் வக்கீல். செவ்வாய்க்கிழமைக் குறிப்பில் நூற்றிருபதுக்குக் கீழே எழுதப்பட்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து குதிகாலைத் தூணோடு ஒட்டி நின்றார்கள். நர்ஸ் ஒரு தடித்த புத்தகத்தைத் தலைமேல் வைத்து, அதன் முதுகைத் தூணோடு அழுத்தினார். "புத்தகம் சாஞ்சா அளவும் சாயும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கோட்டைப் பார்த்தார்.

எறும்பு நூற்றைந்து. அடுத்தவன் நூற்றாறு. ரெட்டைச் சடைக்காரி நூற்றெட்டு. கடைசியாக நின்ற பையன் நூற்றொன்பதேமுக்கால்.

நான்கு பெயர்கள். ஒன்றுமில்லை என்று உறையில் போன இடத்தில் நான்கு பிள்ளைகள்.

சத்தம் கேட்டு அலுவலகத்திலிருந்து பெரிய டீச்சர் வந்தார். விஷயம் புரிய அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. "கல்வி அலுவலகத்துக்குப் பெருமையா கடுதாசி வேற எழுதிட்டேனே!" என்று தூணில் சாய்ந்தவர், நான்கு பிள்ளைகளையும் பார்த்துவிட்டுக் குரலை விழுங்கினார். "போகட்டும். கடுதாசியை நான் திருத்திக்கறேன். வண்டி போறதுக்குள்ள தெரிஞ்சுதே, அதுவே பெரிசு."

"காலையில கண்டுபிடிச்சதும் முதல்ல என்கிட்டதான் சொன்னா," என்றாள் வக்கீல், தன் கட்சிக்காரிக்காக முந்திக்கொண்டு. "பாடத்தையே விட்டுட்டு வந்திருக்கா மேடம். எவ செய்வா?"

தேர்வாளரும் வராந்தாவுக்கு வந்திருந்தார். மதிப்பெண் தாள் இன்னும் மடிக்கப்படாமல் கையில் இருந்தது.

"கருவி தப்புன்னா ஆசிரியர் என்ன பண்ணணும்னு விதிப் புத்தகத்துல எழுதல," என்றார். "ஆனா நான் கண்ணால பாத்தேன். கண்டுபிடிச்ச அன்னைக்கே, அதுவும் தேர்வு நேரத்துல, வாயைத் திறந்தாங்க. இதை நான் எழுதிக்கறேன். ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாங்க. மீதிப் பாடத்தை எடுங்க. பாடம் முடியலேன்னு நான் இன்னும் எழுதல."

வக்கீல் அவள் இடுப்பில் ரகசியமாகக் கிள்ளினாள். தச்சர் பெஞ்சிலிருந்தபடியே கை தட்டினார். முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனால் போதும். இருபது நிமிடத்தில் அவள் ஆசிரியை.

நர்ஸ் வேனின் முன்பக்கத்தில் தாளை வைத்துத் திருத்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பள்ளி, வகுப்பு, பழைய அளவு, புதிய அளவு. கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"பிழை தெரிய வந்த நாள்னு ஒரு கட்டம் இருக்கும்மா. இன்னைக்குத் தேதியைப் போட்டுடறேன், சரிதானே?"

தலையை ஆட்டினால் போதும். எல்லாரும் அவளுக்காக அந்தப் பதிலை ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்கள். எறும்பு மட்டும் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு இல்ல சிஸ்டர்."

பேனா நிமிர்ந்தது. தேர்வாளரும் நிமிர்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை. நீங்க மூணாவது பிள்ளையைப் பட்டையில நிறுத்தினப்போ, கை சும்மா இருக்காம கீழ் தாள்ல ஸ்கேலை வெச்சுப் பாத்தேன். இருபத்தி மூணரைதான் வந்துச்சு. அப்பவே எனக்குத் தெரியும்." அவள் எறும்பின் பக்கம் திரும்பினாள். "எறும்பு அப்போ வரிசையில பதினோராவது ஆளா நின்னுக்கிட்டிருந்தா."